நடுவில் இரண்டு முட்டை

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் நின்று அத்தா ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெரு தள்ளிப் படுத்திருப்பவரும் எழுந்து உட்காருவார். “மெட்டு, நெடுங்கண்டம், கட்டப்பனை... ஏறு ஏறு ஏறு.” கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூக்குவாளியை மூடுவார்கள். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். ஊருக்கு அவர் ஜீப்பு காதர் பாய்.

அந்த ஜீப்பு காதர் பாய் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால், ஈர்க்குச்சி கனத்தில் கழுத்து வளைந்த ஒரு மைக்கைப் பார்த்தபடி, நிக்காஹ் மேடையில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். திரையில் சவுண்ட் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு உண்டு. சத்தம் வந்தால் துள்ளும், வராவிட்டால் படுத்துக்கிடக்கும். கோடு படுத்தே கிடந்தது.

“ஏதாச்சும் பேசுங்கத்தா,” என்றேன்.

“என்னத்தப் பேச?”

அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊரையே எழுப்புற மனுசன், ஒரு குச்சிக்குப் பயந்துக்கிட்டு உக்காந்துருக்காக,” என்றாள். ஒரு நிமிஷம் ஆனதும் ரெக்கார்டர் தானாக நின்றுவிட்டது. அந்த மென்பொருளின் பொறுமை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மதுரையில் அத்தாவுக்கு ஆபரேஷன். குரல்வளையில் கட்டி. அதை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் அது அத்தாவின் குரல்தான். போவதற்குள் அதைப் பெட்டிக்குள் பிடித்துப் போட்டுவிட வேண்டும் என்று சொன்னது அம்மா. அம்மா தனக்கென்று எதையும் கேட்கிற ஆள் இல்லை. அவளே கேட்டதால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஏலக்காய் வாசம்

இந்தத் தொடரைப் படிக்கும் உத்தமபாளையத்து வாசகி ஒருவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்களுக்குப் பிடித்த மென்பொருள் எது என்று கேட்டிருந்தார். ஒரே சொல்லில் பதில் எழுதிப் போட்டிருக்கலாம். எதையும் ஒரே சொல்லில் முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியது இல்லை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். கட்டப்பனைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் பழையதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். அத்தா தினமும் அங்கே ஆள் இறக்கப் போகிறவர். பாதி மலையாளம் பாதி தமிழில் பேசிப் பேசி அந்தப் பழையதை வாங்கிவிட்டார். சி.பி.யூவை ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் செருகி, மானிட்டரைப் போர்வையில் சுற்றி ஒரு தோட்டக்காரப் பெண்ணின் மடியில் வைத்து, கம்பமெட்டு வளைவுகளில் ஜீப்பை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஒருநாள்தான் அத்தா மெதுவாக ஓட்டினார் என்று அந்த அக்கா பிறகு சொன்னார்.

அதை ஓடவிட்டபோது அறை முழுக்க ஏலக்காய் மணத்தது. மூட்டைத் தூசி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. விசிறி சுற்றச் சுற்ற வாசம் வெளியே வரும். பக்கத்து வீட்டில் இருந்து, என்ன விசேஷம், பாயசமா என்று கேட்பார்கள். இல்லை, கம்ப்யூட்டர் என்போம்.

திரையில் காயலில் போகும் படகு ஒன்றின் படம் இருந்தது. அதை எப்படி மாற்றுவது என்று தெரியாததால் ரொம்ப நாள் அந்தப் படகுக்குக் கீழேதான் எங்கள் குடும்பம் நடந்தது.

ஆளுக்கு ஒன்று

அண்ணன் சலீம் அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வின்ஆம்ப். பாட்டுக்காகக்கூட இல்லை, பாட்டு ஓடும்போது திரையில் கலர் கலராக நெளியுமே, அதற்காக. வீட்டுக்கு யார் வந்தாலும் டீக்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டுவான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினான். அவர்கள் என்னை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

அம்மாவுக்கு பெயிண்ட். மவுஸைப் பிடித்து மருதாணிக் கொடி வரையப் பார்த்தாள், கோடு கோணல்மாணலாகப் போனது. அதை விட்டுவிட்டு அந்தச் சாயச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் போட்டு உள்ளே ஒரு தட்டு தட்டினால் நிறம் குபுக்கென்று நிரம்பும். கோட்டில் எங்காவது ஓட்டை இருந்தால் மட்டும் சாயம் வெளியே ஓடித் திரை முழுக்கச் சிவந்துவிடும். “ஓட்டைய அடைச்சுட்டு ஊத்தணும்,” என்பாள். சமையலறையில் சொல்வது போலவே சொல்வாள்.

எனக்கு நோட்பேட். அப்போது வேர்டைத் திறந்தால் ஒரு பேப்பர் கிளிப் கண்ணை உருட்டிக்கொண்டு வந்து, கடிதம் எழுதுகிறாயா, உதவி வேண்டுமா என்று விசாரிக்கும். மாமியார் வீட்டு விசாரணைக்கு இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமா என்று மூடிவிடுவேன். நோட்பேட் எதையும் கேட்காது. வெள்ளையாகத் திறக்கும், எழுதினதை வாங்கிக்கொள்ளும். வாசகி கேட்ட கேள்விக்கு என் பதில் இன்றைக்கும் அதுதான். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கதை.

பெட்டிக்கு வெட்கம் இல்லை

அம்மாவின் பெயர் மைமூன். அத்தா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “இந்தா” என்பார். தூரத்தில் இருந்தால் கொஞ்சம் பெரிய “இந்தா.” அம்மாவும் அத்தாவைப் பெயர் சொல்ல மாட்டாள். எங்கள் தெருவில் கட்டிக்கொண்டவர்கள் யாருமே சொல்ல மாட்டார்கள். அது மரியாதையா கூச்சமா என்று யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை.

நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்கிரீன் சேவர் பாடம் நடந்த அன்று வீட்டுக்கு வந்து, திரையில் எழுத்து ஓடுகிற சேவரில் அம்மாவின் பெயரை இங்கிலீஷில் போட்டுவிட்டேன். யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அம்மா பெயர் வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இது என்ன என்றாள். உங்கள் பெயர்தான் என்றேன். நம்பவில்லை. இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “நடுவுல ரெண்டு முட்டை வருதே, அதானா?” என்று கேட்டாள். அதுதான். மைமூனில் இரண்டு ஓ வரும்.

அதிலிருந்து எங்களை அவ்வப்போது மேசையை விட்டு விரட்டுவாள். நாங்கள் எழுந்தால்தானே அவள் பெயர் வரும்.

ஒருநாள் அத்தாவும் இருந்தபோது அது ஓடியது. அம்மா விடவில்லை. “நான் கட்டுன மனுசன் வாயில வராத பேரு, இந்தப் பொட்டிக்கு வருது பாரு.”

அத்தா டீயை ஊதிக்கொண்டே சொன்னார். “பொட்டிக்கு வெக்கம் கெடையாது.”

சீட்டு அடுக்குகிறவர்

அத்தாவுக்கு சாலிட்டேர். கம்ப்யூட்டரில் இருந்த மற்ற எதையும் அவர் தொட்டதில்லை. மலையை ஏறி இறங்கிவிட்டு மதியம் தாண்டி வீட்டுக்கு வருவார், கால் கழுவுவார், சீட்டைத் திறந்துவிடுவார். சீட்டாட்டம் ஹராம் இல்லையா என்று அம்மா முதலில் சண்டைக்குப் போனாள். காசு வைத்து ஆடினால்தான் ஹராம், இது தனியாக உட்கார்ந்து அடுக்குவது, பாத்திரம் அடுக்குவது மாதிரி என்று அத்தா ஃபத்வா கொடுத்தார். அதன் பிறகு யாராவது அத்தா எங்கே என்று கேட்டால் அம்மா, “உள்ள அடுக்கிக்கிட்டு இருக்காக,” என்பாள். கேட்டவர்கள் பரணை ஒழிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஜெயித்தால் சீட்டெல்லாம் மேலேயிருந்து துள்ளித் துள்ளி விழும். அந்தத் துள்ளல் முடியும் வரை அத்தா மவுஸைத் தொட மாட்டார்.

மைக்குக்கு முன்னால் ஊமையாகிப் போன அந்த நாளில் நான் சோர்ந்துபோய் ரெக்கார்டரை மூடப் போனேன். அத்தா விட்டால் போதுமென்று சீட்டைத் திறந்தார். திறந்த அடுத்த நொடியே பேச ஆரம்பித்தார். அவர் சீட்டோடு பேசுவார் என்பதை நாங்கள் அதுவரை கவனித்ததே இல்லை, அது வீட்டுச் சத்தத்தோடு சத்தமாகக் கலந்துபோயிருந்தது. அவருக்கு எல்லாச் சீட்டும் பயணிதான். “ஏலே செவப்பு, நீ அங்கன போயி உக்காரு. இந்தக் கெழவி எங்க ஒளிஞ்சிருக்கா. வா ராசா, ஒனக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கேன்.”

எனக்குப் புத்தி வந்தது. மறுநாளிலிருந்து அவர் உட்காருவதற்கு முன்னால் தூசி துடைக்கிற மாதிரி போய் ரெக்கார்டரை அமுக்கி, கீழே மறைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நிமிஷம் பிடித்ததும் அது நின்றுவிடும். ஆட்டம் முடிந்ததும் இன்னொரு சாக்குச் சொல்லிப் போய் அடுத்த நிமிஷத்தைத் தொடங்குவேன். அத்தா மைக்கை மறந்தே போய்விட்டார். பச்சைக் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

அப்படிச் சேர்ந்ததில் ஒன்று மட்டும் தனி. சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் தலையைத் திருப்பி, “இந்தா, டீ வருமா வராதா?” என்கிறார். தூரத்தில் வளையல் சத்தம். அடுப்படியிலிருந்து அம்மா, “வருது, வருது,” என்கிறாள். அந்த நிமிஷம் அதோடு முடிந்துபோகிறது.

ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் சின்னப் பெயர் வைத்தேன். ராஜா, கிழவி, இப்படி. அந்தத் தனி ஒன்றுக்கு மூன்றே எழுத்தில் டீ என்று வைத்தேன். அம்மா தேடாமல் எடுக்கட்டும் என்று எல்லாவற்றையும் டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவைத்தேன். வலது பக்கம் கிளிக் செய்தால் ‘அனுப்பு’ என்று வரும், அதைக் கொடுத்தால் ஃபைல் படகுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். சென்டரில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

வருது, வருது

மதுரையிலிருந்து திரும்பிய அத்தா பாதி ஆளாக இருந்தார். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. சாப்பாடு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. வாய் அசையும், சத்தம் வராது. ஜீப்புக்கு ஒரு டிரைவர் போட்டோம். அத்தா ஸ்டாண்டில் நின்று கையைத் தட்டி ஆள் ஏற்றினார். தோட்டத்துப் பெண்கள் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் இல்லாமலே முழிப்பு வந்துவிடுகிறது என்று ஒருவர் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

வீட்டில் ஒரு சிலேட்டு வாங்கி ஆணியில் மாட்டினோம். அதில் தமிழில் எழுதிக் காட்டுவார். ‘டீ.’ ‘வெந்நீர்.’ ‘சலீம் எங்கே?’ சிலேட்டிலும் அவர் யாரையும் கூப்பிடவில்லை. எழுதித் தூக்கிப் பிடிப்பார், பார்க்கிறவர்கள் வர வேண்டும்.

ஒரு மதியம் அம்மா லுஹர் தொழுகை முடித்துவிட்டு, தொழுகைத் துணியைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். டக்டக் என்று இரண்டு தட்டு. சீட்டோடு பேசும் குரல். பிறகு, “இந்தா, டீ வருமா வராதா?”

பெட்டிக்குள் இருந்த அம்மா பதில் சொல்வதற்கு முன்னால், வெளியே இருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள். “வருது, வருது.”

எட்டிப் பார்த்தேன். வாசலில் அத்தா நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி. என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். பேச முடியாதவர் என்னைப் பேசாதே என்றார். பிறகு வந்த வழியே போய்விட்டார். அன்று அவர் சீட்டு அடுக்கவில்லை.

அதிலிருந்து மதிய நேரம் அம்மாவுடையது என்று எழுதாத சட்டமாகிவிட்டது.

டார்ச் லைட்

பிறகு வைரஸ் வந்தது. எந்த ஃபிளாப்பி வழியாக வந்ததோ, கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்றார் மெக்கானிக். வேண்டியதை முதலில் எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார்.

சலீம் டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து ஒரு ஃபிளாப்பிக்கு இழுத்துவிட்டான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. “எல்லாம் எடுத்தாச்சுண்ணே. ஒரே ஃபிளாப்பியில அடங்கிருச்சு,” என்று மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டினான். அங்கேதான் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குரல் ஒவ்வொன்றும் எடை கூடியது, ஒரு ஃபிளாப்பிக்குள் ஒன்றை அமுக்கித் திணிப்பதே கஷ்டம். ஆனால் எங்களுக்குச் சந்தோஷம்தான் வந்தது. மெக்கானிக்குக்கு அடுத்த வீட்டு அவசரம், அவர் பார்க்கவில்லை.

புதுத் திரையில் படகு இல்லை. ஏலக்காய் வாசமும் எப்போதோ போயிருந்தது. சலீம் ஃபிளாப்பியைப் போட்டான். ராஜா, கிழவி, டீ, எல்லாம் வரிசையாக நின்றன. அம்மா டீயைத் தட்டினாள்.

ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் ஒரு டார்ச் லைட் அங்கேயும் இங்கேயும் ஆடி ஆடி எதையோ தேடியது. நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், நீங்கள் கேட்டது இல்லை, இது வேண்டுமா என்று சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபைலைக் காட்டியது. கத்தரிக்காய் இல்லை, முருங்கைக்காய் எடுத்துக்கொள்கிறீர்களா என்கிற மாதிரி.

டெஸ்க்டாப்பில் இருந்தது ஃபைலே இல்லையாம். ஃபைலுக்கு வழி காட்டும் குறி மட்டும்தானாம். குமுளி ரோட்டில் ‘கம்பம்’ என்று கல் நட்டிருக்கும். நாங்கள் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துவைத்துக்கொண்டு ஊரைக் கொளுத்திவிட்டோம்.

சலீம் மெக்கானிக்கிடம் ஓடினான். பழையதற்கு மேலே புதிது எழுதியாகிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றாராம். திரும்பி வந்தவன் சாப்பிடவில்லை. அத்தா சிலேட்டில் எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘விடுறா. நானே இருக்கேன்ல.’

அம்மா யாரையும் திட்டவில்லை. “அதுவும் போச்சா,” என்றாள், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினாள். அத்தா எங்கள் கண் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தார், ஆனாலும் மவுத்து விழுந்த வீடு மாதிரி இருந்தது. என்னால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூடிய துணி

அந்தத் துணி பல நாள் அப்படியே கிடந்தது. யாரும் பாட்டுப் போடவில்லை, யாரும் அடுக்கவில்லை. ஸ்கிரீன் சேவரும் ஃபார்மட்டோடு போய்விட்டது, திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மதியம், அம்மா தொழுது முடித்து அடுப்படிக்குப் போயிருந்த நேரம், அத்தா அந்தத் துணியை எடுத்து மடித்து நாற்காலி முதுகில் போட்டார். கம்ப்யூட்டரை எழுப்பினார். சீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. நான் திறக்கும்போது பார்த்துவைத்திருப்பார் போல, நோட்பேடைத் திறந்தார். கீபோர்டு பக்கமே போகாத மனிதர், ஒற்றை விரலை அதன் மேல் ஓட்டி ஓட்டி, கூட்டத்தில் தன் வண்டி ஆளைத் தேடுகிற மாதிரி எழுத்தைத் தேடினார். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அவருக்கு வண்டி நம்பரில் பழக்கம். ஒன்று கிடைத்ததும் அமுக்குவார், நிமிர்ந்து திரையைப் பார்ப்பார், மறுபடி குனிவார். வெகு நேரம் ஆனது. உதவிக்குப் போன என்னைக் கையால் தடுத்துவிட்டார்.

முடித்துவிட்டுக் கையைத் தட்டினார், ஸ்டாண்டில் தட்டுகிற மாதிரி.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தா திரையைக் காட்டினார்.

இரண்டே வரி, எல்லாம் பெரிய எழுத்து. மேல் வரி ‘எம்’ எழுத்தில் தொடங்கி ‘என்’ எழுத்தில் முடிந்தது. நடுவில் இரண்டு முட்டை. கீழ் வரியில் மூன்று எழுத்து, அம்மா தினமும் தேடித் தட்டிய அதே மூன்று எழுத்து. டீ.

அம்மாவுக்கு இங்கிலீஷில் வாசிக்கத் தெரிந்தது உலகத்திலேயே இந்த இரண்டு சொல்தான். இது என்ன என்று அவள் என்னைக் கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். அத்தா வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வருது,” என்றாள் அம்மா. “வருது, வருது.”

அடுப்படி வரைக்கும் போனவள் பாதியில் திரும்பி வந்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் அதிகாரம் குறையவில்லை.

“ஏ புள்ள, அத அப்பிடியே எடுத்து வையி. டெஸ்க்டாப்புல வைக்காத. உள்ள வையி.”